சொன்னால் புரியும் நிலையம்

சொல் புரியாதவர்களுக்குச் சொல்லைப் புரியவைப்பதற்காக நடத்தப்படும் அந்த நிலையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நின்றது. "உள்ளே வருவோர் கீழ்க்கண்ட விதிகளை முழுமையாகப் படித்து, புரிந்துகொண்ட பின்னரே உள்ளே வரவும்" என்று அது ஆரம்பித்தது. அப்படிப் படித்துப் புரிந்துகொண்டு உள்ளே போனவர்கள் அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் மட்டும்தான். வைத்தியத்துக்கு வந்தவர்கள் பலகையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கட்டடத்தின் நெற்றியில் நிலையத்தின் கொள்கை கொட்டை எழுத்தில் இருந்தது: சொன்னால் புரியும்.

காலரம்மா அதை அண்ணாந்து பார்த்து நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஊரில் வேறு இடம் கிடையாது.

அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் தெருவுக்கும் வந்து, வீட்டுக்கும் வந்து, சொந்தப் பெயர் அவளுக்கே மறந்துபோகிற நிலையில் இருந்தது. புருஷன் டவுன் பஸ் கண்டக்டர். போன வருஷம் ஒரு காலையில், படிக்கட்டில் நின்று விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். கை கால் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. "ரைட்" என்ற ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தப்பித்து நாக்கில் தங்கியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரியாமல் போனதுதான் பெரிய இடி.

"காது நல்லாத்தான் இருக்கும்மா," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "சத்தம் உள்ள போகுது. அர்த்தம்தான் போய்ச் சேர மாட்டேங்குது. பாஷை தெரியாத ஊர்ல இறக்கிவிட்ட மாதிரின்னு வெச்சுக்குங்க."

தட்டை வைத்துவிட்டு "சாப்பிடுங்க" என்றால் சாப்பிடுவார். தட்டு சொல்லிக்கொடுத்துவிடும். சட்டையை நீட்டி "போட்டுக்குங்க" என்றால் போட்டுக்கொள்வார். பார்க்க வருகிறவர்கள், "எல்லாம் புரியுதே, நீங்க வேற" என்று காலரம்மாவைத் தேற்றிவிட்டுப் போவார்கள். சிக்கல் ஓர் இடத்தில்தான் இருந்தது. அவள் வேலைக்குக் கிளம்பிப் பையை எடுத்தால் போதும், அவருக்கு முகம் விழுந்துவிடும். போகிறாள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. திரும்பி வருவாள் என்பதை எந்தத் தட்டும் எந்தச் சட்டையும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் காலையில் அந்த மனுஷர் பெண்டாட்டியை ஒரேயடியாகப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார். அதனால் எழுந்து பின்னாலேயே வருவார். கதவைப் பூட்டினால் அக்கம்பக்கம் கூடுகிற மாதிரி இடிப்பார். ஒருமுறை பூட்ட மறந்துவிட்டாள். அவள் ஏறின பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நடுரோட்டில் நடந்தவரை ஒரு லாரிக்காரன் பரம்பரை முழுக்க இழுத்துத் திட்டினான். அதுவும் அவருக்குப் புரியவில்லை.

இப்போதைக்கு நாத்தனார் வந்து வீட்டோடு இருந்தாள். "அண்ணி, என் பொண்ணுக்கு நிறைமாசம். மாசக் கடைசியில நான் கிளம்பியே ஆகணும். அதுக்குள்ள அண்ணனுக்கு ஒரு வழி பண்ணுங்க," என்று அவள் சொல்லிவிட்டாள். கம்பெனி சூப்பர்வைசரும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டார்: "நீங்க பாதியில எழுந்து ஓடறதும் வர்றதுமா இருந்தா, நான் கழுத்தில்லாத சட்டையைத்தான் பெட்டியில போட்டு அனுப்பணும். இதோட பார்த்துக்குங்க."

ஆக, காலரம்மாவுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். 'வந்துடுவேன்.' அது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டால் போதும். உலகத்தில் உள்ள மிச்சச் சொல் எல்லாம் ஆற அமர வரட்டும்.

நிலையத்தின் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலி. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வைத்தியத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அங்கே 'பயனாளி' என்று பெயர். மீதிப் பேர் அவர்களைக் கூட்டிவந்தவர்கள், அவர்கள் 'உடன்வருநர்'. காலரம்மா வாழ்நாளில் முதல் தடவையாக உடன்வருநர் ஆனாள். தலைக்கு மேலே ஒலிபெருக்கி இருந்தது. ஒலிபெருக்கியில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் பயனாளி தாமாகவே எழுந்து ஆறாம் அறைக்குப் போக வேண்டும். உடன்வருநர் தொடக் கூடாது, தட்டக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. மீறினால் அது 'சைகைக் கலப்படம்'. வாட்ச்மேன் இதற்கென்றே நடுவில் உலாவிக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கி கூப்பிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டது. பயனாளிகள் சுவரைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள். உடன்வருநர்கள் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தார்கள். "பயனாளி வருகை தரவில்லை" என்று அறிவித்துவிட்டு ஒலிபெருக்கி அடுத்த எண்ணுக்குப் போனது. அந்த எண்காரரும் வருகை தரவில்லை. மதியத்துக்குள் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, அன்றைக்கு யாருமே வரவில்லை என்று முடிவாகிவிட்டது.

காலரம்மா எழுந்துபோய், ஒலிபெருக்கியில் எண் கூப்பிடுகிற அழைப்பாளரின் கண்ணாடிக் கூண்டைத் தட்டினாள். "ஐயா, நாங்க காலையிலேருந்து உங்க கண்ணு முன்னாடிதான் உக்காந்திருக்கோம்."

"கூப்பிட்டேனே. வரலையே."

"கூப்பிடறது அவருக்குப் புரியாதுங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

"புரியாதவரை எப்படிம்மா உள்ள அனுப்பறது? பயிற்சிக்கு ஒத்துழைப்பு இருக்கான்னு தெரிய வேணாமா?"

"புரிஞ்சா பயிற்சி எதுக்குங்க?"

அழைப்பாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இத்தனை வருஷ சேவையில் யாரும் இதைக் கேட்டதில்லை போலிருந்தது. "இதெல்லாம் நான் முடிவு பண்றதில்லைம்மா," என்று கண்ணாடியைச் சாத்திக்கொண்டார்.

கண்டக்டர் உள்ளே போனது அவருடைய நிலைகொள்ளாமையால்தான். பஸ்ஸில் நின்றே பழகின உடம்பு, ஒரு நாற்காலியில் ஐந்து நிமிஷம் தங்காது. எழுந்து நடந்துகொண்டே இருப்பார். அடுத்த தடவை வந்தபோது, அவர் எண்ணைக் கூப்பிட்ட நேரம் தற்செயலாக ஆறாம் அறை வாசலில் நின்றிருந்தார். "அழைப்புக்கு உடனடியாக இணங்கினார்" என்று குறித்துக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

ஆறாம் அறையில் ஒரு மேஜை, அதன் ஒரு பக்கம் பயிற்சி டீச்சர். தற்காலிக வேலையில் இருக்கும் சின்னப் பெண், நல்ல பெண். மேஜையில் நாலு பட அட்டைகளை நிறுத்துவாள். பிறகு ஒரு சொல்லைச் சொல்லுவாள். பயனாளி அந்தப் படத்தைத் தொட வேண்டும்.

"ஒட்டகம்," என்றாள் டீச்சர்.

மற்ற மூன்று அட்டைகளில் நங்கூரம், கிரீடம், எரிமலை. காலரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டீச்சரம்மா, எங்க வீட்டுப் பக்கம் இதுல ஒண்ணும் கிடையாதுங்க. 'வந்துடுவேன்'னு ஒரு வார்த்தை இருக்கு. அதைச் சொல்லிக்கொடுத்தா போதும்."

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் ஆசைதாம்மா. அவங்கவங்களுக்கு வேண்டிய வார்த்தையிலதான் ஆரம்பிக்கணும்னு எனக்குப் படிச்சுக் கொடுத்தாங்க. ஆனா இந்த அட்டைத் தொகுதியில இல்லாத சொல்லைச் சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க இயக்குநர்கிட்டயே கேட்டுப் பாருங்க."

இயக்குநரின் அறை கூடத்தை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு பெரிய கண்ணாடி. உள்ளே இருந்து பார்த்தால் கூடம் முழுதும் தெரியும். கூடத்திலிருந்து பார்த்தால் அவரவர் முகம்தான் தெரியும். மேஜைமேல் ஒரு மைக் நிரந்தரமாக முளைத்திருந்தது. தினமும் காலையில் அதில் அவர் பயனாளிகளுக்கு உரையாற்றுவார். சொல் புரியாதவர்களுக்கு முக்கால் மணி நேரச் சொற்பொழிவு.

"உக்காருங்கம்மா. இன்னைக்கு என் உரையைக் கேட்டீங்களா?" என்றார் இயக்குநர். "நான் எத்தனையோ கூட்டத்துல பேசியிருக்கேன். நடுவுல எழுந்து போவான், கொட்டாவி விடுவான், எதிர்க்கேள்வி கேப்பான். இந்தக் கூடத்துல மட்டும் ஒருத்தர் மறுத்துப் பேசினது கிடையாது. இப்படி ஒரு சபையை நான் வேற எங்கயும் பார்க்கல."

காலரம்மா தன் ஒரு சொல்லைக் கேட்டாள். இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார்.

"முதல்ல, அதுக்குப் படம் கிடையாது. படம் இல்லாத சொல்லை அட்டையில எப்படி ஒட்டறது? ரெண்டாவது, அது உங்களுக்கு வேண்டிய சொல்லு. வேண்டிய சொல்லை நாங்க சொல்லிக்கொடுக்கறதில்ல. தண்ணின்னு சொல்றேன், தாகம் எடுத்தவன் டம்ளரைத் தொடறான். அது புரிதலா? இல்லம்மா, தாகம். ஒட்டகம்னு சொல்றேன், தொடறான். அவனுக்கு ஒட்டகத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல, ஆனாலும் தொடறான். அதுதான் சுத்தமான புரிதல். இந்தத் தொகுதியில இருக்கற ஒரு சொல்லுகூட எந்தப் பயனாளிக்கும் எந்தக் காலத்திலயும் உபயோகப்படாது. நிபுணர் குழு ரெண்டு வருஷம் உக்காந்து உறுதிப்படுத்தியிருக்கு."

"அவர் ரோட்டுல நடக்கறாருங்க," என்றாள் காலரம்மா.

"நடக்கறது நல்லது. நாங்க கால் சம்பந்தமா எதுவும் சொல்றதில்ல," என்று இயக்குநர் கைகூப்பி அனுப்பிவைத்தார்.

ஆனால் ஆறாம் அறையில் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு நாள் தடுமாறின கண்டக்டர் அடுத்தடுத்த நாட்களில் ஒட்டகத்தைத் தொட்டார், நங்கூரத்தைத் தொட்டார், திமிங்கலத்தையும் செங்கோலையும் தவறாமல் தொட்டார். தொட்டுவிட்டு "ரைட்" என்பார். காலரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, முகத்தைக் காட்டாமல் சொல்லிப் பார்த்தாள்: "என்னங்க, அந்த ஜன்னலைச் சாத்துங்க." அவர் அசையவில்லை. "என்னங்க, வீட்டுக்கு ஒட்டகம் வந்திருக்கு." அதற்கும் அசையவில்லை.

மறுநாள் பயிற்சியில் அவள் அட்டையைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தாள். அவரும் அட்டையைப் பார்க்கவில்லை. டீச்சரின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் "எரிமலை" என்று சொல்வதற்கு முன்னால் அவள் கண் தானாகவே ஒரு கணம் எரிமலைக்குப் போய்த் திரும்பியது. அது போதும் கண்டக்டருக்கு. அறுபது பேர் ஏறின பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற பார்வையை வைத்தே பிடிக்கிறவர். எரிமலை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. டீச்சர் அதைத்தான் விரும்புகிறாள் என்று தெரியும். நல்ல பெண், அவள் ஆசைப்பட்டதை எடுத்துக்கொடுத்தார்.

காலரம்மா அதைச் சொன்னபோது டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு அட்டையைத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள். கண்டக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எட்டி அந்த அட்டையை மெதுவாக விலக்கி, அவள் முகத்தைத் தேடினார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாளா என் கண்ணுதான் பாஸ் பண்ணியிருக்கும்மா," என்றாள்.

அவள் ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னாள். அவர், "பயனாளி பாஸ் பண்ணின பிறகு காரணம் தேடறது கெட்ட பழக்கம்," என்று சொல்லி, பட்டமளிப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். நிலையம் ஆரம்பித்ததிலிருந்து எல்லாச் சொல்லையும் சரியாகத் தொட்ட முதல் பயனாளி கண்டக்டர்தான்.

விழாவில் இயக்குநர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மேடையில் உட்காரவைக்கப்பட்ட கண்டக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதிரே நீளமான கூடம், நடுவில் வழி, இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள். எழுந்து இறங்கிவிட்டார். முதல் வரிசையிலிருந்து விரலைச் சொடுக்கிக் கையை நீட்டிக்கொண்டே வந்தார். பெரிய மனிதர்கள் தங்கள் அழைப்பிதழை எடுத்துக் கொடுத்தார்கள். ஓரத்தைக் கிழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். கடைசி வரிசையில் அழைப்பிதழ் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கண்டக்டர் அவரைத் தோளில் தட்டி எழுப்பி, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, "ரைட்" என்றார். அந்த ஆள் நிலையத்தின் கணக்கைத் தணிக்கை செய்ய வந்தவர் என்று அப்புறம் தெரிந்தது.

"பாருங்கள்!" என்றார் இயக்குநர் மைக்கில். "நேற்றுவரை ஒரு சொல் புரியாதவர், இன்று விழாவையே நிர்வாகம் செய்கிறார். இதைவிட நான் என்ன சொல்ல?" அதற்குப் பிறகும் அரை மணி நேரம் சொன்னார்.

சான்றிதழோடு பயிற்சியும் முடிந்தது. முழுப் புரிதல் உள்ளவருக்கு ஆறாம் அறையில் இடமில்லை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் பெட்டியை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டாள். காலரம்மா வெட்கத்தை விட்டு மறுபடி இயக்குநர் அறைக்குப் போனாள். அங்கே நிபுணர்கள் இருவர் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, அவருக்கு ஒண்ணுமே புரியலைங்க. இன்னும் கொஞ்ச நாள் பயிற்சி கொடுங்க."

"உங்க வீட்டுக்காரருக்கு முழுசாப் புரியுதும்மா. சான்றிதழ் இருக்கே."

"சான்றிதழ் இருக்குங்க. புரிதல் இல்லையே."

"புரிதல் இருந்தாத்தான் சான்றிதழ் தருவோம். சான்றிதழ் தந்திருக்கோம். அதனால புரிதல் இருக்கு. இப்ப புரியுதா?"

"புரியலைங்க."

இயக்குநர் அதையே நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை சொன்னார். அவளுக்கு அப்போதும் புரியவில்லை. மூன்றாவது முறை மைக்கில் சொன்னார். கூடமே கேட்டது. "சத்தியமாப் புரியலைங்க," என்று காலரம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

நிபுணர்கள் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்கள். எளிய வாக்கியம், மூன்று முறை, போதுமான சத்தத்தில். பயனாளியே வாய்விட்டு ஒப்புக்கொள்கிறார். விதிப்படி இது கடுமையான புரிதல் குறைபாடு. அங்கேயே அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். உடன்வருநர் யார் என்ற கேள்வி வந்தது. புரிதல் உள்ள ஆள் வேண்டும். வாசலில் உலாவிக்கொண்டிருந்த கண்டக்டரைப் பார்த்ததும் இயக்குநரின் முகம் மலர்ந்தது. "இவரைவிட யாரு? நம்ம சான்றிதழே வெச்சிருக்காரு."

மறுநாள் ஆறாம் அறையில் காலரம்மா பயனாளி நாற்காலியிலும் கண்டக்டர் உடன்வருநர் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, ஒட்டகம், நங்கூரம் எல்லாவற்றையும் அள்ளிப் பீரோவுக்குள் தள்ளினாள்.

"ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருங்க," என்றாள். "நம்ம வார்த்தையை ஆரம்பிக்கலாம்."

காலரம்மா கழுத்தில் எப்போதும் தொங்குகிற அளவு டேப்பைக் கழற்றிக் கண்டக்டர் கையில் கொடுத்தாள். அது இல்லாமல் அவள் எங்கும் போக மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். முகத்தைப் பார்த்து, "வந்துடுவேன்" என்றாள். கதவைத் திறந்து வெளியே ஓர் அடி வைத்து, உடனே உள்ளே வந்தாள். மறுபடி. மறுபடி. முதலில் அவர் கூடவே எழுந்தார். டீச்சர் தடுக்கவில்லை. சில நாள் கழித்து டேப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே கதவைப் பார்த்தார். அவள் வெளியே நிற்கிற நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அப்புறம் டேப் இல்லாமல். முகம் மட்டும், சொல் மட்டும். அவர் காத்திருந்தார், கால் மட்டும் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

"சந்தோஷப்பட வேணாம்மா," என்றாள் டீச்சர். தன் கண்ணால் ஒருமுறை ஏமாந்தவள் அவள். "இப்ப உங்க முகத்தைத்தான் புரிஞ்சுக்கறாரா, வார்த்தையையான்னு தெரியணும். முகத்தைக் காட்டாம சொல்லுங்க."

பீரோவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். அவர் எழுந்து, குரல் வந்த பக்கம் வந்து, பீரோவைச் சுற்றி அவளைக் கண்டுபிடித்துவிட்டார். கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். முகம் தெரியாவிட்டால் அந்தச் சொல் அவருக்கு அவளுடைய குரல், அவ்வளவுதான். நாளைக் காலையில் அவசரத்தில், இருட்டில், மழையில், எந்த முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பது? நாத்தனார் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து மறுமதிப்பீட்டுக் குழு கூடியது. புரிதல் வந்துவிட்டதா என்று பார்த்து, வந்திருந்தால் பயிற்சியை நிறுத்துவார்கள். டீச்சர் காதோடு எச்சரித்தாள்: "எதுவும் புரியாத மாதிரியே இருந்துடுங்க. ஒரு ஒட்டகத்தைத் தொட்டீங்கன்னாகூட கதை முடிஞ்சுது."

அன்றைக்குக் கூடத்தில் காலரம்மாவின் எண்ணை ஒலிபெருக்கி கூப்பிட்டது. எழுந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். மூன்று முறை கூப்பிட்டும் அவள் அசையவில்லை. குழுவுக்கு முன்னால் மட்டும் யாரும் வராமல் இருக்க முடியாது என்பதால் அழைப்பாளரே கூண்டைவிட்டு இறங்கி வந்து, அவள் கையைப் பிடித்து விறுவிறுவென்று இயக்குநர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். புருஷனைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இல்லை. கதவு சாத்திக்கொண்டது.

இயக்குநரும் நிபுணர்களும் மேஜைக்குப் பின்னால் வரிசையாக இருந்தார்கள். நாலு அட்டைகளை நிறுத்தினார்கள்.

"எங்க, ஒட்டகத்தைத் தொடுங்க பார்ப்போம்," என்றார் இயக்குநர்.

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். கண்டக்டர் எழுந்துவிட்டார். அவள் போன பக்கம் பார்த்தார். கண்ணாடியில் அவர் முகம்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனார். முகம் விழுந்துவிட்டது. காலையில் வீட்டில் விழுகிற அதே முகம். அப்புறம் திரும்பி வாசலைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே ரோடு. ரோட்டில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"பயனாளிக்கு ஒட்டகம் புரியவில்லை," என்றார் ஒரு நிபுணர் திருப்தியாக. "கிரீடம் கேட்டுப் பாருங்கள்."

கண்டக்டர் வாசலை நோக்கி நடந்தார். காலரம்மாவுக்கு நிபுணர் மறந்தது, குழு மறந்தது, எதுவும் புரியாத மாதிரி இருக்க வேண்டும் என்பதும் மறந்தது. பாய்ந்து மேஜைமேல் இருந்த மைக்கைப் பிடித்தாள்.

"வந்துடுவேன்," என்றாள்.

கூடத்தின் கூரையிலிருந்து அந்தச் சொல் கொட்டியது. பயனாளிகள் யாரும் திரும்பவில்லை. கண்டக்டர் நின்றார். தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தார். அங்கே முகம் இல்லை, டேப் இல்லை, கதவு இல்லை. அவர் தேடி வரப்போகிறார், பீரோவைச் சுற்றி வந்த மாதிரி இந்த அறையைச் சுற்றிக்கொண்டு வரப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் வரவில்லை. வாசலையும் பார்க்கவில்லை. மெதுவாக நடந்து தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். கால் கொஞ்ச நேரம் தாளம் போட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

காலரம்மா மைக்கைப் பிடித்தபடியே ஓவென்று அழுதாள். அதுவும் கூடம் முழுக்கக் கேட்டது.

குழு அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. இயக்குநர்தான் முதலில் தெளிந்தார். "குறிச்சுக்குங்க," என்றார். "கேள்வி: ஒட்டகம் எது? பதில்: வந்துடுவேன். அப்புறம் அழுகை. கேட்டதுக்கும் சொன்னதுக்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்ல. என் அனுபவத்துல இவ்வளவு கடுமையான கேஸ் பார்த்ததில்ல. இன்னும் அரை வருஷம் பயிற்சி கொடுக்கணும்." நிபுணர்கள் தலையாட்டினார்கள். அவளுக்குக் கேட்கட்டும் என்று ஒருவர், "உங்களுக்குக் குணமாகலைம்மா, கவலைப்படாதீங்க," என்று சத்தமாகச் சொன்னார்.

நாத்தனார் ஊருக்குப் போன மறுநாள் காலை, காலரம்மா வாசலில் நின்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு, "வந்துடுவேங்க," என்றாள். உள்ளே சத்தம் இல்லை. கதவைப் பூட்டாமல் தெருவில் இறங்கினாள்.

அன்றைக்கு நிலைகொள்ளாமல் தவித்தது அவள்தான். காலரை இரண்டு முறை தலைகீழாகத் தைத்தாள். ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் ஜன்னலைப் பார்த்தாள். சூப்பர்வைசர் வந்து, "என்ன, ஓடலையா இன்னைக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். "ஓடலைங்க," என்று சொல்லிவிட்டு ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டாள். சாயங்காலம் பஸ் வழியில் நின்று நின்று வந்தது. நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் அவள் நடக்கவில்லை, ஓடினாள்.

கண்டக்டர் ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும், வண்டியில் ஏறுகிறவருக்கு இடம் விடுகிற மாதிரி, நகர்ந்து உட்கார்ந்தார்.

"ரைட்," என்றார்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "பஸ் லேட்டாயிடுச்சுங்க," என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. அது அவருக்குப் புரியவில்லை. அதற்கென்ன, அடுத்து அதைச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம். நிலையம் அரை வருஷம் கொடுத்திருக்கிறது. அதுவரைக்கும் அவள் எதையும் புரிந்துகொண்டுவிடாமல் இருந்தால் போதும்.